உப்புத்தாள் படாத மரம்

விசாவை ரத்து செய்துவிட்டு ஊர் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. எனக்கு வயது ஐம்பத்தாறு. ஷார்ஜாவில் ஒரு ஜாய்னரியில், அதாவது மரவேலைப் பட்டறையில், கதவுக்கும் அலமாரிக்கும் பாலிஷ் போட்டது இருபத்தொரு வருடம். துபாயில் ஸ்வீடன்காரர் ஒருவர் நடத்திய மரச்செதுக்கு வகுப்பில் வேலை பார்த்தது ஆறு வருடம். முதல் இருபத்தொரு வருடத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அந்த ஆறு வருடத்தைப் பற்றித்தான் பழைய ஜாய்னரி ஆட்கள் கேட்கிறார்கள். அங்கே பாலிஷ் வேலை முழுக்க இப்போது மெஷினுக்குப் போய்விட்டது. வேறு இடம் தேடும் நாலைந்து பேர், "அண்ணே, அந்த வகுப்புல எப்படிச் சேந்தீங்க, என்ன தெரிஞ்சிருக்கணும்" என்று குரல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குக் குரலில் பதில் சொல்லக் கூச்சம். பாதியில் நின்றுவிடுவேன். எழுதினால் நடுவில் நின்று யோசிக்கலாம், எதிரே யாரும் காத்திருக்க மாட்டார்கள். நான் படித்தது தொண்டியில் ஐந்தாம் வகுப்பு வரை. அதை வைத்துக்கொண்டு முடிந்த மட்டும் எழுதுகிறேன்.

என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்வது கஷ்டம். எனக்கு நன்றாகத் தெரிந்திருந்த வேலைதான் அங்கே என்னை மாட்டிவிட்டது.

ஜாய்னரியில் தச்சர்கள் ஒரு கூடம், பாலிஷ்காரர்கள் அடுத்த கூடம். தச்சன் கதவைச் செய்து நடுவில் இருக்கும் திண்டில் சாய்த்துவிட்டுப் போய்விடுவான். உளித்தடம், ரம்பத்தடம், பென்சில் கோடு எல்லாவற்றையும் போக்குவது எங்கள் பொறுப்பு. எண்பதாம் நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து, நூற்றிருபது, இருநூற்று நாற்பது என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஈரத்துணியால் துடைத்தால் மரத்தின் நார் எழும்பும். அது காய்ந்ததும் மறுபடி தேய்க்க வேண்டும். எங்கள் ஃபோர்மேன் பெஷாவர்காரர். கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துக் கதவின் மேல் மெல்ல இழுப்பார். ஒரு இழை சிக்கினாலும் போதும், முகத்தைப் பார்க்காமலே "ஃபிர் ஸே" என்று சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விடுவார். மறுபடியும் முதலிலிருந்து. முதல் இரண்டு வருடம் என் கதவுகளில் பஞ்சு சிக்கியது. அப்புறம் சிக்கவில்லை. மரத்தின் மேல் ஒரு தடம் கண்ணில் பட்டால் கை தானாகத் தாளைத் தேடும்படி ஆகிவிட்டேன். என் தொழில் படிப்பு அவ்வளவுதான்.

ஸ்ப்ரே மெஷின் வந்தபோது என்னையும் சேர்த்து ஒன்பது பேரைக் குறைத்தார்கள். துபாயில் அல் கூஸ் பக்கம் ஒரு கூடத்தில் மரம் அறுக்கவும் சுத்தம் செய்யவும் ஆள் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். விசாவை மாற்றிக்கொண்டு போனேன். ரூம் ஷார்ஜா ரோலாவிலேயே. தினமும் பஸ். ரூமில் இருந்த என் மச்சான் பாட்ஷாவுக்கு அது ஒரு பெரிய வேடிக்கை. "வெள்ளக்காரி கரண்டி சொரண்டுறதப் பாக்கவா மச்சான் விடியக்காலம் குளிச்சிட்டுப் போற? எங்க வீட்ல ஒரு சட்டாப்பக் கரண்டி ஒடஞ்சு கெடக்கு, அதையும் கொண்டுபோ" என்பான்.

அந்தக் கூடத்தில் ஒரு நீள மேசை, ஏழு முக்காலிகள். சுவரில் கத்திகள். வகுப்பை நடத்தியவர் இங்ரிட் மேடம். அறுபதை ஒட்டிய வயது, ஒல்லியான உயரமான ஆள், எப்போதும் ஒரே நீலச் சட்டை. அவர்கள் நாட்டில் பெரியவர்கள், சின்னவர்கள் எல்லோரும் குளிர்காலத்தில் உட்கார்ந்து கத்தியால் கரண்டி, வெண்ணெய்க் கத்தி, சின்னச் சின்ன மனிதப் பொம்மைகள் செதுக்குவார்களாம். அதே முறையை துபாயில் செவ்வாய்க்கிழமை தோறும் கற்றுக்கொடுத்தார். டாக்டர்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள், வீட்டில் இருக்கும் பெண்கள் என்று பல நாட்டவர் வருவார்கள். பதிவு, டெலிஃபோன், கணக்கு எல்லாம் யாழ்ப்பாணத்துத் தவமலர். என்னைவிடப் பத்து வயது இளையவர். மேடம் சொல்வதை எனக்குத் தமிழில் சொல்வதும் அவர்தான்.

மேடத்தின் வழி தனி வழி. யாரையும் தப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒருவர் கத்தியைத் தவறாகப் பிடித்தால் அருகில் போய், கத்தியைக் கேட்டு வாங்கித் துணியில் துடைத்து, அவர் கையில் சரியான விதத்தில் திருப்பி வைப்பார். அவ்வளவுதான். நின்றுகொண்டு பேச மாட்டார். பேச வேண்டும் என்றால் முக்காலியை இழுத்துப்போட்டு அவர்கள் உயரத்துக்கு உட்காருவார். வேலை எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கண்ணை மூடிக்கொள்வார். கட்டைவிரலை மட்டும் மரத்தின் மேல் மெதுவாக ஓட்டுவார். வகுப்பு முடிந்ததும் அவரவர் மரச்சீவலை அவரவர்தான் கூட்ட வேண்டும். அவருடையதை அவரே கூட்டுவார். முதல் வாரம் நான் ஓடிப்போய்த் துடைப்பத்தைப் பிடுங்கினேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை. தவமலர்தான் வந்து விலக்கினார். "விடுங்கோ அண்ணை, வெட்டினவைதான் கூட்ட வேணும் எண்டு சொல்லுறா." என் வேலையே போய்விட்டதோ என்று அன்று பயந்தேன்.

எனக்கு ஒதுக்கப்பட்டது மரம் தயார் செய்வது. இந்தச் செதுக்கலுக்குப் பச்சை மரம் வேண்டும். அவர்கள் நாட்டு மரம் கப்பலில் வருவதற்குள் எலும்பு மாதிரி காய்ந்துவிடும். மேடம் அதைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்துச் சலித்துப்போயிருந்தார். பக்கத்து வில்லாவில் தோட்டக்காரர் ஒருநாள் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். அங்கே சித்ரு என்பார்கள், நம் இலந்தைக்கு ஒன்றுவிட்ட சகோதரம். கேட்டு வாங்கி இரண்டு கிளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். மேடம் ஒரு துண்டை வெட்டி முகர்ந்து பார்த்தார். கத்தியை வைத்து ஒரு நீளச் சீவல் எடுத்தார். அதைச் சுருள் பிரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து மரம் பிடித்து வருவது என் பொறுப்பு. கட்டைகளை ஈரச்சாக்கில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைப்பேன். "என்ரை தயிர் வைக்க ஒரு இடமில்லை, ஒரே கட்டை" என்று தவமலர் தினமும் குறைப்பட்டுக்கொள்வார்.

வகுப்பு நடக்கும்போது நான் மூலையில் கத்திகளைத் தோல்பட்டையில் தீட்டிக்கொண்டிருப்பேன். அங்கிருந்தே பார்த்துத்தான் பிடிகளைக் கற்றேன். வலது கையில் கத்தி, இடது கைப் பெருவிரல் கத்தியின் முதுகில். பெருவிரல் தள்ளும், வலது கை திசை மட்டும் காட்டும். அது முதல் பிடி. இரண்டாவது, மரத்தை நெஞ்சில் ஊன்றிக் கத்தியைத் தன்னை நோக்கி இழுப்பது. பார்க்கப் பயமாக இருக்கும். முழங்கை விலாவில் ஒட்டியிருந்தால் கத்தி ஓர் அளவுக்கு மேல் வராது. பஸ்ஸில் வரும்போது பேனாவை வைத்துக்கொண்டு பிடித்துப் பார்ப்பேன். யாராவது பார்த்தால் பேனாவைப் பையில் போட்டுவிடுவேன்.

நான் சேர்ந்த வருடம் அக்டோபரில் ஒரு புது வகுப்பு தொடங்கியது. எட்டு வாரம். அதில் நூரா என்று உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் சேர்ந்தார். ஒன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகளுக்கு அரபி எழுத்து எழுதக் கற்றுக்கொடுப்பவர். அந்த வருடம் தொடக்கத்தில் ஒரு பக்கம் வாதம் தாக்கி, வலது கை வலுவிழந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் மருத்துவ விடுப்பு. கைக்கு ஏதாவது வேலை கொடுக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது திரும்பிப் போவதா, ராஜினாமா எழுதிக்கொடுப்பதா என்று வகுப்பு முடிவதற்குள் தீர்மானிக்க வேண்டும் என்று முதல் நாளே தவமலரிடம் சொன்னார். கரும்பலகையில் கை நடுங்கினால் பிள்ளைகள் அந்த நடுக்கத்தையும் சேர்த்துத்தான் எழுதக் கற்றுக்கொள்வார்கள், அப்படிப் போய் நிற்க மாட்டேன் என்றாராம்.

மேடம் அவருக்கு இருப்பதிலேயே மிருதுவான கட்டையைக் கொடுத்து முதல் பிடியை மட்டும் காட்டினார். இடது பெருவிரல் தள்ளட்டும், வலது கை சும்மா கூடப் போகட்டும் என்று. முதல் வாரம் முழுவதும் நூரா டீச்சர் செய்தது ஒரு கரண்டிக் காம்பின் நுனியில் நாலைந்து கீறல். கோழி கிளறியது போல இருந்தது. மற்றவர்கள் எட்டு வாரத்தில் மூன்று கரண்டி, ஒரு பொம்மை என்று போனார்கள். டீச்சர் அந்த ஒரே கரண்டியில்தான் இருந்தார். வாரம் ஒரு விரல்கடை முன்னேறுவார். பழைய இடத்தைத் திரும்பத் தொட மாட்டார். வகுப்பு தொடங்கும்முன் காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். அதை எதற்குப் பார்க்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. கஷ்டப்படுகிறாரே என்று மட்டும் நினைத்தேன்.

எட்டாவது வாரம் முடிந்தது. அந்தச் சனிக்கிழமை மாலை எல்லோருடைய வேலையையும் மேசையில் வைத்து, குடும்பத்தாரைக் கூப்பிட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. நான் சேர்ந்த பிறகு அப்படி நடப்பது அதுதான் முதல் தடவை. எல்லாவற்றுக்கும் ஆளிவிதை எண்ணெய் பூசி வைக்கச் சொல்லி மேடம் தவமலர் மூலம் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கூடத்துக்குப் போனேன். வேறு யாரும் இல்லை. எண்ணெயை எடுத்து வைத்துவிட்டு அலமாரியைப் பார்த்தேன். அத்தனை மரத்திலும் கத்தித்தடம். எனக்கு ஜாய்னரியின் இரண்டு கூடங்கள்தான் நினைவுக்கு வந்தன. தச்சர்கள் முடித்துவிட்டுத் திண்டில் வைத்துவிட்டார்கள். இனி நம் வேலை. உப்புத்தாள் போடாமல் எண்ணெய் பூசுவது எங்கள் தொழிலில் முகம் கழுவாமல் பவுடர் போடுகிற மாதிரி.

அந்தக் கூடத்தில் உப்புத்தாள் ஒன்றுகூட இல்லை என்பதை நான் முன்பே கவனித்திருந்தேன். அப்போதே யோசித்திருக்கலாம். தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்து, காலையில் ரோலா ஹார்ட்வேர் கடையில் என் காசில் மூன்று நம்பரில் தாள் வாங்கி வந்திருந்தேன். எது ரொம்ப மோசம் என்று பார்த்தேன். நூரா டீச்சருடையது. பாவம், நாளை நாலு பேர் முன்னால் வைக்க வேண்டுமே, முதலில் இதை நன்றாகச் செய்துவிடுவோம் என்று எடுத்தேன்.

இரண்டு மணி நேரம் வேலை செய்தேன். எண்பது, நூற்றிருபது, ஈரத்துணி, காயவைத்து இருநூற்று நாற்பது. கடைசியில் சட்டைப் பொத்தான் தைத்த நூலில் கொஞ்சம் பிய்த்துக் காம்பின் மேல் இழுத்துப் பார்த்தேன். எங்கும் சிக்கவில்லை. பெஷாவர்காரர் இருந்தால் பேசாமல் நகர்ந்திருப்பார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த கரண்டியை எடுக்கும்போது தவமலர் மறுநாளைக்கான கேக் பெட்டிகளோடு உள்ளே வந்தார். மேசையில் கிடந்த மரமாவையும் என் கையையும் பார்த்தார். பெட்டிகளைத் தரையில் வைத்துவிட்டார்.

"அண்ணை, இது நூரா டீச்சரின்ரையோ?"

"ஆமாம்மா. ரொம்பச் சொரசொரன்னு இருந்துச்சு."

"ஆர் உங்களைத் தேய்க்கச் சொன்னது? எண்ணெய் பூசத்தானே சொன்னவ." அவர் குரல் இறங்கிவிட்டது. "அண்ணை, அந்த வெட்டுகள்தான் அண்ணை அவவின்ரை கணக்கு. முதல் கிழமை எப்பிடி வெட்டினது, எட்டாம் கிழமை எப்பிடி வெட்டினது எண்டு அதைப் பாத்துத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போறதோ இல்லையோ எண்டு முடிவெடுக்கப் போறா. நாளைக்குத் தன்ரை பள்ளிக்கூட அதிபரையும் கூட்டிக்கொண்டு வாறா."

இந்தச் செதுக்கலில் கத்தித்தடத்தை விட்டுவைப்பதுதான் முறை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வெட்டும் தெரிய வேண்டும், அதில்தான் வெட்டிய கை தெரியும் என்பார்களாம். மூன்று மாதம் அதே கூடத்தில் இருந்திருக்கிறேன். கேட்டிருக்கலாம். நான்தான் யாரிடமும் எதுவும் கேட்காதவன் ஆயிற்றே. அன்று பஸ்ஸில் ரோலா நிறுத்தத்தில் இறங்க மறந்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன்.

சனிக்கிழமை மதியம் மேடம் வந்ததும் தவமலர் சொன்னார். மேடம் கரண்டியை வாங்கி, கண்ணை மூடி, காம்பின் நுனியிலிருந்து குழிவு வரை கட்டைவிரலை ஓட்டினார். கண்ணைத் திறக்க நேரமாயிற்று. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கரண்டியை என்னிடமே திருப்பிக் கொடுத்து, "யூ டெல்" என்றார். இரண்டே சொல், நீயே போய்ச் சொல் என்று. தவமலர் தானே டெலிஃபோனில் சொல்லிவிடுவதாகச் சொன்னார். மேடம் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

அதுவரை நான் மாணவர்கள் யாரிடமும் ஸலாம் தவிர ஒரு சொல் பேசியதில்லை. வாசலில் போய் நின்றேன். டீச்சர் மற்றவர்களுக்கு முன்பாகவே தனியாக வந்தார். நல்லவேளை, அவருக்கு ஹிந்தி தெரியும். எனக்கும் வேலையிடத்தில் பழகிய சைட் ஹிந்தி தெரியும். கரண்டியை இரண்டு கையாலும் நீட்டி, "மேடம், மைனே கியா. கல்தி மேரா" என்றேன். நான்தான் செய்தேன், தப்பு என்னுடையது என்று. எதற்காகச் செய்தேன் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

அவர் வாங்கி விரலால் தடவினார். திருப்பி மறுபக்கம் தடவினார். "ஸப் கயா, பாய்?" என்று கேட்டார். எல்லாம் போய்விட்டதா என்று. நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் கரண்டியைக் கைப்பையில் வைத்து, காரில் போய் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்துக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே மற்றவர்கள் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், கேக் சாப்பிட்டார்கள். மேசையில் ஓர் இடத்தை மேடம் காலியாகவே விட்டிருந்தார்.

அடுத்த செவ்வாய் வகுப்பு கிடையாது. கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தோம். பத்து மணிக்கு நூரா டீச்சர் வந்தார். கரண்டியை மேசையில் வைத்து, இதன் மேலேயே திரும்ப வெட்ட வேண்டும் என்றார். மேடம் வேறு கட்டை எடுத்து வந்தார். டீச்சர் மாட்டேன் என்றார். மேடம் முக்காலியில் உட்கார்ந்து சொன்னதைத் தவமலர் எனக்கும் சொன்னார். மரம் காய்ந்துவிட்டது, முன்பைவிடக் கடினம். அதோடு உப்புத்தாளின் மணல் மரத்துக்குள் ஏறியிருக்கும். கத்தி பத்து வெட்டுக்கு ஒருதரம் மழுங்கும். மழுங்கிய கத்தி வழுக்கும், கையை அறுக்கும். நல்ல கை உள்ளவர்களே இதைச் செய்ய மாட்டார்கள்.

"அப்போ பாய் பக்கத்துல இருக்கட்டும்" என்றார் டீச்சர் ஹிந்தியில், என் பக்கம் திரும்பாமலே.

மேடம் ஒரு முக்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டார். நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அந்த மேசையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு கத்தியை எடுத்துக்கொண்டோம். ஒன்று அவர் கையில் இருக்கும்போது மற்றது என் தோல்பட்டையில் இருக்கும். பத்து வெட்டு, மாற்று. பத்து வெட்டு, மாற்று. நான் மரத்தைப் பார்க்கவில்லை, பயம். காதில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். கத்தி மழுங்கினால் சத்தம் கரகரக்கும். கூராக இருந்தால் காகிதம் கிழிகிற மாதிரி மெல்லிய சத்தம் வரும்.

கொஞ்ச நேரத்தில் ஒன்று கவனித்தேன். சத்தம் நீளமாக இருந்தது. அக்டோபரில் மூலையில் உட்கார்ந்து நான் கேட்டது கிச் கிச் என்ற சின்னச் சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். டீச்சரின் இடது பெருவிரல் கத்தியின் முதுகில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. தள்ளியது வலது கை.

குழிவுக்குக் கிட்டே வந்தபோது மரம் பிய்ந்து ஒரு செதில் எழும்பியது. டீச்சர் நிறுத்திவிட்டார். மறுபடி அதே இடத்தில் கத்தியை வைக்கப் போனார். மேடம் எதிர்ப்பக்கம் இருந்தார், எழவில்லை. தவமலர் டெலிஃபோனில் இருந்தார். நான் சொல்லாவிட்டால் இன்னும் ஆழமாகப் பிய்யும்.

"மேடம், திருப்புங்க" என்று டீச்சரிடம் தமிழிலேயே வாயில் வந்துவிட்டது. பிறகு ஹிந்தியில் சொன்னேன். நார் இந்த இடத்தில் எதிர்ப்பக்கம் ஓடுகிறது, கரண்டியைத் தலைகீழாகப் பிடித்துக் குழிவிலிருந்து காம்புப் பக்கம் வெட்ட வேண்டும். நெஞ்சில் ஊன்றி இழுக்கிற பிடி. அவருக்கு அதுவரை யாரும் அதைக் காட்டியதில்லை. என் வெறுங்கையால் பிடித்துக் காட்டினேன், முழங்கை விலாவில் ஒட்டியிருக்க வேண்டும் என்று. அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் காபியை எடுத்துக் குடித்தார். டீச்சர் முழங்கையை ஒட்டி இழுத்தார். செதில் சுத்தமாக வந்து விழுந்தது.

மதியம் பள்ளிவாசலில் லுஹர் தொழுகைக்கு வாங்கு சொல்லும்போது காம்பு முடிந்துவிட்டது. முன்பிருந்ததைவிட மெலிந்துபோயிருந்தது. நுனியிலிருந்து குழிவு வரை ஒரே அளவு வெட்டுகள், வெளிச்சத்தில் திருப்பினால் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. எட்டு வாரம் எடுத்தது ஒரு காலையில் முடிந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். எழுந்துபோய், வகுப்பு நேரங்கள் எழுதியிருக்கும் வெள்ளைப் பலகையில் ஓர் ஓரத்தை உள்ளங்கையால் அழித்துவிட்டு மார்க்கரை எடுத்தார்.

மதரஸாவில் ஓதியவன் என்பதால் அரபி எழுத்து எனக்குத் தெரியும். அலிஃப் நேராக நின்றது. பே நன்றாக வந்தது. ஜீமின் வயிறு வளைகிற இடத்தில் கோடு நடுங்கியது. அவர் அதை அழித்து எழுதினார். மறுபடி நடுங்கியது. மறுபடி அழித்து எழுதினார். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கடைசியில் எழுதியதை அழிக்காமல் மார்க்கரை மூடினார். அதிலும் நடுக்கம் கொஞ்சம் இருந்தது.

போகும்போது தன் சீவலைத் தானே கூட்டினார். மணல் கலந்த சீவல் என்பதால் நானும் ஒரு துணியை எடுத்துத் துடைத்தேன். "பாய், உன் பேர் என்ன" என்று கேட்டார். செய்யது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார். பள்ளிக்குப் போகிறாரா, ராஜினாமாவா என்று எங்கள் மூன்று பேரில் யாரும் கேட்கவில்லை.

ஜனவரி இரண்டாம் செவ்வாய் புது வகுப்பு தொடங்கியது. பள்ளிக்குப் போகாவிட்டால் வகுப்புக்கு வருவார் என்று நூரா டீச்சருக்கு ஓர் இடம் வைத்திருந்தோம். பத்து மணி ஆயிற்று, பத்தேகால் ஆயிற்று. ஆறு பேர் உட்கார்ந்துவிட்டார்கள், ஏழாவது முக்காலி காலி. தவமலர் டெலிஃபோன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு தடவை போட்டபோது எடுத்தார்கள். தவமலர் கொஞ்சம் கேட்டுவிட்டு, செய்யதிடம் கொடுக்கிறேன் என்றார். பிறகு டெலிஃபோனை என் காதில் வைத்தார்.

பின்னால் ஒரே இரைச்சல். இருபது முப்பது சின்னப் பிள்ளைகள் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில் டீச்சரின் குரல் கேட்டது. "செய்யது பாய், இப்போ பேச முடியாது. கிளாஸ்ல இருக்கேன்."

டெலிஃபோனைத் திருப்பிக் கொடுத்தேன். மேடம் கத்தி ஒன்றைத் துடைத்து, அந்த ஏழாவது இடத்தில், பிடி என் பக்கம் பார்க்கும்படி வைத்தார். ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் போய் உட்கார்ந்தேன்.